லேடீஸ் காலேஜில் சேர்க்கலாமா? அட்மிஷன் நேரத்தில் வரும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே என் போன் அடிக்கத் தொடங்கிவிடும். தென்மாவட்டத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேலாக இயற்பியல் நடத்துகிறேன். நான் இளங்கலை படித்தது மகளிர் கல்லூரியில், முதுகலை இருபாலர் கல்லூரியில். அதனால் இரண்டு பக்கமும் தெரியும் என்று சொந்தக்காரர்களும் பழைய மாணவிகளும் அக்கம்பக்கத்தாரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இந்த வருடம் எழுதி வைத்துவிடுகிறேன்.

மகளிர் கல்லூரியில் படிப்பதால் உண்மையில் என்ன லாபம்?

ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் கதை சொல்கிறேன். ஒளியை நிறக்கோடுகளாகப் பிரித்துப் பார்க்கும் கருவி அது. இளங்கலை லேபில் இருட்டறைக்குள் ஆளுக்கொரு ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் நிற்போம். சோடியம் விளக்கு சூடாகி மஞ்சளாக எரிய ஐந்தாறு நிமிடம் ஆகும். அதற்குள் மேசையை மட்டம் பார்க்க வேண்டும், ஒளி நுழையும் ஸ்லிட்டை மயிரிழை அளவுக்குக் குறுக்க வேண்டும், டெலஸ்கோப்பைத் தூரத்துக்குச் சரிசெய்ய வேண்டும். முதல் நாள் எனக்கு மஞ்சள் திட்டு ஒன்றைத் தவிர எதுவும் தெரியவில்லை. மிஸ் வந்து தொட்டுக் கொடுப்பார் என்று பார்த்தேன். அவரோ, "திருகு உன் கையிலதானே இருக்கு, திருப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்றாவது வாரம் கிரேட்டிங் (நெருக்கமாகக் கோடு போட்ட தகடு) வைத்துப் பார்த்தபோது அந்த மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது. புத்தகத்தில் அலைநீளம் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் என்று படித்த இரண்டு எண்களும் கண்ணெதிரே தனித்தனிக் கோடாக நின்றன. பக்கத்து மேசைக்காரியை இழுத்து வந்து காட்டினேன்.

முதுகலைக்குப் போனேன். ஒரு பேட்சுக்கு மூன்று பேர். என்னோடு இரண்டு பையன்கள், இருவரும் தங்கமானவர்கள். முதல் நாளே, "உங்க கையெழுத்து நல்லா இருக்கு, நீங்க ரீடிங் எழுதுங்க, நாங்க பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். எனக்கும் அது மரியாதையாகத்தான் பட்டது. பாதி செமஸ்டர் போனபிறகு ஒருநாள் யோசித்துப் பார்த்தால், நான் ஒரு கருவியின் திருகைக்கூடத் தொட்டிருக்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். எல்லா மேசையிலும் பெண்கள் கையில் பேனா, பையன்கள் கையில் டெலஸ்கோப். யாரும் யாரையும் தடுக்கவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. அதுபாட்டுக்கு அப்படி அமைந்துவிட்டது. மறுவாரம் பேனாவை அவர்களிடம் நீட்டினேன், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். ஆனால் நீட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே, அதற்கு முந்தைய மூன்று வருடம் இருட்டறையில் தனியாக நின்ற பழக்கத்தால்தான்.

லாபம் என்று நான் சொல்வது இதைத்தான். மகளிர் கல்லூரியில் எல்லா வேலையையும் பெண்தான் செய்தாக வேண்டும். யூனியன் சேர்மன் பெண், பொருளாளர் பெண், என்சிசி அணிவகுப்பில் கமாண்ட் கொடுப்பவள் பெண், ஷாமியானாக்காரரிடம் பேரம் பேசுபவளும் பெண். எங்கள் கல்ச்சுரல்ஸில் ஒரு வருடம் பாதி நடனத்தில் கரண்ட் டிரிப் ஆகிவிட்டது. காமர்ஸ் மூன்றாம் வருட மாணவி ஒருத்தி செல்போன் டார்ச்சோடு மெயின் போர்டுக்கு ஓடினாள். எந்த ஸ்விட்ச் என்று அவளுக்குத் தெரியாது. எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு, மேடை விளக்கு ஒரு லைனிலும் ஸ்பீக்கர் இன்னொரு லைனிலும் வருமாறு மாற்றிவிட்டு வந்தாள். வேறு கல்லூரியாக இருந்தால் அந்த இடத்துக்கு நாலு பையன்கள் முன்னாலேயே ஓடியிருப்பார்கள்.

பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லவில்லையே?

பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான், நான் கடைசியில் சொல்வதும் அதைத்தான். கேட்டுக்கு உள்ளே ஓரளவு நிம்மதி உண்டு. கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப் எல்லாருக்கும் ஒரே பஸ் ஸ்டாப்தான்.

உள்ளேயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. பேராசிரியர், அலுவலர், ஒப்பந்த ஊழியர் என்று ஆண்கள் மகளிர் கல்லூரியிலும் உண்டு. பெண்களே பெண்களைத் துன்புறுத்துவதும் நடக்கும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது, கல்லூரிகளுக்கான யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் 2016-ல் வந்தன. உள்ளகப் புகார்க் குழு மகளிர் கல்லூரிக்கும் கட்டாயம். "நம்ம காலேஜ்ல அதெல்லாம் தேவையே இல்லைங்க" என்று பெருமையாகச் சொல்லும் கல்லூரியைவிட, குழு உறுப்பினர் பெயரையும் போன் நம்பரையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் கல்லூரியை நான் நம்புவேன்.

ஆண்களோடு பழகத் தெரியாமல் போய்விடாதா?

வீட்டில் அண்ணன் தம்பி, தெருவில் கடைக்காரர், பஸ்ஸில் கண்டக்டர், வகுப்பில் சார், போனில் பாதி உலகம். ஆண்களே இல்லாத ஊரில் யாரும் மூன்று வருடம் வாழவில்லை.

ஆனால் கேள்வியில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. முதுகலையில் முதல் செமினார் அன்று நாற்பது பேர் முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பையன்கள் குறுக்கே கேள்வி கேட்பார்கள், பாதி கேள்வி தெரிந்துகொள்ள, மீதி சும்மா மடக்கிப் பார்க்க. அந்த ஆட்டம் எனக்குப் புதிது. பிடிபட ஒரு மாதம் ஆனது. அதனால் எங்கள் மாணவிகளை வெளிக் கல்லூரிப் போட்டிகள், இன்டர்ன்ஷிப், கோடைப் பயிற்சி என்று பிடித்துத் தள்ளிவிடுகிறோம். மகளை வெளியே எங்கேயும் அனுப்பாத கல்லூரி என்றால் உங்கள் பயம் சரிதான்.

அந்தக் காலத்தில் தேவைப்பட்டது, சரி. இப்போது எதற்கு?

முதலில் அந்தக் காலத்தைப் பார்த்துவிடுவோம். முத்துலெட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்தபோது அது ஆண்கள் படிக்கும் இடம். பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு வந்தது, மன்னர் தலையிட்டு இடம் கொடுத்தார், முத்துலெட்சுமி வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்றார். அப்படிப்பட்ட ஒருத்தி எங்கேயும் படித்துவிடுவாள். திரைக்குப் பின்னால் உட்காரத் துணியாத, அல்லது வீட்டில் விடாத மற்ற ஆயிரம் பேர் என்ன செய்வது?

அதற்கு விடையாகத்தான் 1914-ல் மெரினா எதிரே அரசு மகளிர் கல்லூரி வந்தது. 1917-ல் அதற்கு ராணி மேரி கல்லூரி என்று பெயர் மாறியது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. அந்தக் கல்லூரி வந்த அடுத்த வருடமே, 1915-ல், பெண்கள் கிறித்தவக் கல்லூரி தொடங்கியது. பாளையங்கோட்டை சாரா டக்கர் கல்லூரி இவை இரண்டுக்கும் மூத்தது.

தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் ராணி மேரியில் படித்தார், பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தார், மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிவந்தார். கரும்பு ஆராய்ச்சியில் அவர் பெயர் இல்லாமல் பேச முடியாது. இதில் என் கண்ணில் படுவது நடுவில் உள்ள வரி. அந்தக் காலத்தில் அறிவியல் படித்த பெண்ணுக்கு வேலை கொடுக்கும் இடங்களில் மகளிர் கல்லூரி முக்கியமானது. மாணவிக்கு மட்டுமல்ல, பேராசிரியைக்கும் அது மேடை.

இப்போது எதற்கு என்றால், திரை போய்விட்டது, பேனா போகவில்லை. மேலே சொன்ன முதுகலை லேப் 1910-களில் நடந்ததல்ல.

மாணவிகள் தைரியமாக வருகிறார்கள் என்பதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா? எல்லாரும் சொல்வதுதானே?

ஒரு சம்பவம் சொல்கிறேன், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். 2003-ல் ராணி மேரி கல்லூரியை இடித்துவிட்டு அந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட அன்றைய அரசு முடிவெடுத்தது. மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். பெரும்பாலும் சாதாரண வீட்டுப் பிள்ளைகள், முதல் தலைமுறையாகக் கல்லூரி வந்தவர்கள் நிறைய. ஊரே அவர்கள் பக்கம் திரும்பியது, திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது.

ஆராய்ச்சி முடிவு என்று கேட்டால், கவனமாகத்தான் பேசுவேன். மகளிர் கல்லூரியில் படித்தவர்கள் நன்றாக வருகிறார்கள் என்றால், அது கல்லூரியின் கைங்கரியமா, அங்கே சேர்ந்த பிள்ளைகளின் இயல்பா, குடும்பமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். உலகம் முழுக்க இந்தச் சண்டை ஓயவில்லை. நிர்மலா சீதாராமன் திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பொருளாதாரம் படித்தார் என்பது உண்மை. அதற்குப் பிறகு டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழகத்தில் படித்தார் என்பதும் உண்மை. எந்தக் கல்லூரி எவ்வளவு பங்கு என்று தராசில் நிறுக்க முடியுமா?

பெண்களுக்கு மட்டும் என்பது சட்டப்படி சரியா?

சரிதான். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசியலமைப்பின் 15(3) பிரிவு இடம் கொடுக்கிறது.

தமிழ்நாட்டில் பெயர்பெற்றவை எவை?

தரவரிசை போட மாட்டேன், அடிதடி வரும். சென்னையில் மேலே சொன்ன இரண்டு போக, 1947-ல் ஸ்டெல்லா மாரிஸ், 1948-ல் பாரிஸ்டர் எத்திராஜ் தன் சொத்தை வைத்துத் தொடங்கிய எத்திராஜ் கல்லூரி. மதுரையில் அதே 1948-ல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய லேடி டோக், பிறகு பாத்திமா, அரசு மீனாட்சி கல்லூரி. திருச்சியில் ஹோலி கிராஸ். கோவையில் அவினாசிலிங்கம், கிருஷ்ணம்மாள். குற்றாலத்தில் பராசக்தி, விருதுநகரில் வன்னியப்பெருமாள், தஞ்சையில் குந்தவை நாச்சியார். கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-ல் வந்தது. சுதந்திரம் கிடைத்த ஓரிரு வருடத்துக்குள் ஸ்டெல்லா மாரிஸ், எத்திராஜ், லேடி டோக் என்று மூன்று கல்லூரி தொடங்கியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பு.

"லேடீஸ் காலேஜ்னா தரம் கம்மி" என்று யாராவது சொன்னால் டெல்லி மிராண்டா ஹவுஸ் பெயரைச் சொல்லுங்கள். மத்திய அரசின் தரவரிசையில் 2017-லிருந்து 2023 வரை நாட்டின் முதல் கல்லூரி அதுதான்.

அப்பா "லேடீஸ் காலேஜ்னாதான் அனுப்புவேன்" என்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. என்ன செய்வது?

இது பிள்ளைகளே கேட்கும் கேள்வி, பெரும்பாலும் குரலைத் தாழ்த்தி. உன் கோபம் நியாயம்தான்மா. அண்ணனுக்கு இப்படி நிபந்தனை போட்டிருக்க மாட்டார்கள்.

போன வருடம் ஒரு அப்பா வந்தார். லோடு ஆட்டோ ஓட்டுபவர். நாற்காலியில் உட்காரவே இல்லை. "மேடம், எங்க ஊர்ல பொம்பளப் பிள்ள காலேஜுக்குப் போனதில்ல. லேடீஸ் காலேஜ்னதால எங்க அம்மாட்ட சொல்லி ஒத்துக்க வச்சிருக்கேன்" என்றார். அந்த மனிதர் வீட்டில் ஒரு சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வந்திருக்கிறார். அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் எங்கள் கல்லூரியின் பெயர்ப்பலகை. அந்தப் பெண் இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள், எம்எஸ்சிக்கு எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

வேறு வழி கிடைத்தால் பேசிப் பார். கிடைக்கவில்லை என்றால் இந்தக் கதவு வழியாக உள்ளே வந்துவிடு. முதுகலைக்கு எங்கே போவது என்று பேசும்போது வீட்டில் உன் சொல்லுக்கு வேறு எடை இருக்கும்.

ஹாஸ்டல், டிரஸ் கோட் கெடுபிடி அதிகமாமே?

பல இடங்களில் ஆமாம். இதில் எங்கள் ஆட்களைத் தாங்கிப் பேச மாட்டேன். இருபாலர் கல்லூரியில் பையன் ஹாஸ்டலுக்கு ஒரு நேரம், பெண் ஹாஸ்டலுக்கு ஒரு நேரம் என்றால் ஒப்பிட்டுக் கேள்வி கேட்க ஆள் இருக்கும். மகளிர் கல்லூரியில் ஒப்பிட ஆளே இல்லாததால் எதுவும் விதியாகிவிடலாம். ஆறு மணிக்கு கேட் பூட்டு, துப்பட்டாவுக்கு இரண்டு பக்கமும் பின், அவுட்பாஸில் அப்பா கையெழுத்து. அம்மா கையெழுத்து செல்லாது என்று சொன்ன ஹாஸ்டலும் உண்டு. நான் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை லைப்ரரிக்குப் போகக்கூட வார்டன் ஒப்புதல் வேண்டும். வார்டன் ஞாயிறு அன்று ஊருக்குப் போய்விடுவார்.

பூட்டி வைத்துவிட்டு, "எங்க பிள்ளைங்க பத்திரமா இருக்காங்க" என்பது எனக்கு ஒப்பாத பேச்சு. அதனால் சேரும்முன் மூன்றே கேள்வி கேளுங்கள். லைப்ரரி எத்தனை மணிவரை? விடுதி மாணவி மாலையில் லேபுக்கோ கம்ப்யூட்டர் சென்டருக்கோ போகலாமா? வெளியூர்ப் போட்டிக்குப் போக என்ன நடைமுறை? பதிலில் எத்தனை "கூடாது" வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பாத்ரூம் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

நல்ல கேள்வி, ஒரு மாணவியின் அம்மா கேட்டது. எங்கள் முதுகலைக் கட்டடத்தில் பெண்களுக்கான கழிப்பறை அடுத்த பிளாக்கின் கடைசியில். மாதவிடாய் நாட்களில் தண்ணீர் குடிக்காமல் இருந்தே செமஸ்டர் ஓட்டினோம். மகளிர் கல்லூரியில் ஒவ்வொரு மாடியிலும் உண்டு, பல இடங்களில் நாப்கின் எரிக்கும் எந்திரமும் உண்டு. வேலை செய்கிறதா என்பது வேறு கதை. வயிறு வலிக்கிறது என்றால் காரணம் கேட்காமல் அனுப்பிவிடுவார்கள். சின்ன விஷயம்தான், மூன்று வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

எய்டட், செல்ஃப் ஃபைனான்ஸ் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஒரே கல்லூரி, ஒரே பாடம், இரண்டு கட்டணம். அரசு உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் எல்லாச் செலவும் உங்கள் தலையில், கட்டணம் பல மடங்கு. காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் என்று பிரித்திருப்பார்கள். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவுக்கு டிக் போடுகிறீர்கள் என்று பார்த்துப் போடுங்கள். மாலை ஷிஃப்ட் முடிந்து கிராமத்துக்குக் கடைசி பஸ் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள், செப்டம்பரில் பார்த்துப் பயனில்லை. அரசு கல்லூரிகளுக்குத் தனியாக ஆன்லைன் விண்ணப்பம், கட்டணம் மிகக் குறைவு. முதல் தெரிவாக அதைப் போடுங்கள்.

பண உதவி ஏதாவது?

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. தொடக்க விழா நடந்ததும் ஒரு மகளிர் கல்லூரியில்தான், வடசென்னை பாரதி மகளிர் கல்லூரி. இதற்கு முன் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குத் தாலித் தங்கமும் பணமும் கொடுத்த திட்டத்தை மாற்றித்தான் இதைக் கொண்டுவந்தார்கள். கல்யாணப் பணம் படிப்புப் பணம் ஆனது. இருபாலர் கல்லூரியில் சேர்ந்தாலும் இது உண்டு. வங்கிக் கணக்கு மாணவியின் பெயரில், ஆதாரோடு இணைத்து இருக்க வேண்டும். இங்கேதான் பாதிப் பேருக்குச் சிக்கல் வருகிறது, ஜூன் மாதமே பேங்குக்குப் போய் வாருங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

கேம்பஸ் வேலை கிடைக்குமா?

கல்லூரியைப் பொறுத்தது, ஆண் பெண் என்பதைப் பொறுத்ததல்ல. பெரிய நகரத்துப் பழைய கல்லூரிகளுக்குக் கம்பெனிகள் தேடி வருகின்றன. சிற்றூர்க் கல்லூரிகளில் நாலைந்து கல்லூரிக்குச் சேர்த்து ஒரே இடத்தில் நடத்துவார்கள். "எத்தனை பேருக்கு வேலை" என்று கேட்காதீர்கள், "எந்த வேலை, என்ன சம்பளம், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள்" என்று கேளுங்கள். ஆர்டர் வாங்கிவிட்டு வீட்டில் விடாததால் சேராத பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அதற்கு மருந்து கல்லூரியிடம் இல்லை.

இருபாலர் கல்லூரியில் விரும்பிய பாடம் கிடைத்திருக்கிறது. மகளிர் கல்லூரியில் வேறு பாடம்தான். எதை எடுப்பது?

பாடம். யோசிக்கவே வேண்டாம். ஆனால் லேபில் முதல் நாளே யாரிடமும் பேனாவை வாங்காதே.

நேரில் போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

முதல்வர் அறையில் இருக்கும் கோப்பைகளை விட்டுவிடுங்கள். லேப் எங்கே என்று கேட்டு அங்கே போங்கள். கருவிகளின் மேல் தூசி இருக்கிறதா, திருகெல்லாம் கைபட்டுப் பித்தளை பளபளக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். எங்கள் டிபார்ட்மெண்டில் சாவிக்கொத்து வாசல் ஆணியில் தொங்கும். எடுப்பவள் பக்கத்து நோட்டில் பெயர், நேரம் எழுதிவிட்டுப் போக வேண்டும். அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்க எந்தப் பெற்றோர் கேட்டாலும் கொடுப்போம். இதுவரை ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார், அந்த லோடு ஆட்டோக்காரர்.